நிறுவல் கலை: பார்ப்பவர் உள்ளே வந்தால்தான் முழுமை

வாட்டர்லூ ஸ்திரீட்டில் உள்ள ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்கு 2006ஆம் ஆண்டின் பிற்பாதியில் சென்ற பக்தர்கள் வழக்கத்துக்கு மாறான ஒரு காட்சியைக் கண்டனர். மேற்கூரையிலும் அதன் கீழே தரையிலும் மனிதர்கள் வரிசை வரிசையாக உறங்கிக்கொண்டிருந்தனர். எல்லாம் ஓவியங்கள். மைசூரைச் சேர்ந்த ஓவியர் என்.எஸ். ஹர்ஷா, முதலாவது சிங்கப்பூர் பினாலே கலைவிழாவுக்காக அந்தக் கோயிலிலேயே உருவாக்கிய படைப்பு அது. ‘பிரபஞ்சத்தின் அனாதைகள்’ என்று பொருள்படும் பெயரை அவர் அதற்குச் சூட்டியிருந்தார்.

படுத்திருப்பவரைத் தாண்டக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட வீடுகள் நம்மிடையே ஏராளம். அப்படி வளர்ந்த ஒருவர் தரையில் வரையப்பட்ட மனித உருவங்களுக்கு முன் வந்து நின்றால், காலை எங்கே வைப்பது என்று ஒரு கணமாவது தயங்கத்தான் செய்வார். மிதிப்பதா, சுற்றிப் போவதா, அண்ணாந்து பார்ப்பதா? சுவரில் மாட்டிய ஓவியம் யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தரையில் கிடக்கும் ஓவியம் கேட்கிறது. அந்தத் தயக்கமும் படைப்பின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது.

‘இன்ஸ்டலேஷன்’ என்று உலகெங்கும் அழைக்கப்படும் நிறுவல் கலையின் அடிப்படையே இதுதான். எட்ட நின்று பார்ப்பதோடு அது முடிவதில்லை. நடந்து, நின்று, கேட்டு, சில வேளைகளில் முகர்ந்தும் சுவைத்தும் உணர வேண்டிய கலை அது.

எது நிறுவல் கலை?

ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடம் முழுவதையும் ஒரே படைப்பாக மாற்றுவது நிறுவல் கலை. பொருள்கள், ஒளி, ஒலி, காணொளி, வாசனை, நீர், மண் என எதுவும் அதன் மூலப்பொருளாகலாம். சிலையைச் சுற்றி வந்து பார்க்கிறோம். நிறுவலுக்குள் புகுந்து பார்க்கிறோம். பார்வையாளர் உடலோடு உள்ளே நுழையும் கலை என்பதே இதன் தனித்தன்மை என்று பிரிட்டிஷ் கலை வரலாற்றாசிரியர் கிளேர் பிஷப், 2005ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விளக்குகிறார்.

இதன் வேர்கள் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் உள்ளன. பாரிசில் 1938ஆம் ஆண்டு நடந்த சர்ரியலிசக் கண்காட்சியில் மார்செல் டுஷாம்ப் என்ற கலைஞர் நிலக்கரி மூட்டைகளை மேற்கூரையிலிருந்து தொங்கவிட்டார். இருட்டான அரங்கில் ஓவியங்களைத் தேடிப் பார்க்க, வந்தவர்கள் கையில் டார்ச் விளக்கு கொடுக்கப்பட்டது. நியூயார்க்கில் 1961ஆம் ஆண்டு ஆலன் கேப்ரோ ஒரு கலைக்கூடத்தின் முற்றத்தைப் பழைய டயர்களால் நிரப்பினார். வந்தவர்கள் அவற்றின்மீது ஏறி நடந்தனர். பின்னர் 1970கள் தொடங்கி ‘இன்ஸ்டலேஷன்’ என்ற சொல் பரவலானது.

இவ்வட்டாரத்தில் எப்படித் தொடங்கியது?

கோலாலம்பூரில் 1974ஆம் ஆண்டு ரெட்ஸா பியாதாசாவும் சுலைமான் ஈசாவும் இணைந்து ஒரு கண்காட்சி நடத்தினர். டேவான் பஹாசா டான் புஸ்தாகா கட்டடத்தில் நடந்த அக்கண்காட்சியில் வரைந்த ஓவியமோ செதுக்கிய சிலையோ இல்லை. பலர் உட்கார்ந்து எழுந்த ஒரு காலி நாற்காலி, பறவையைத் திறந்துவிட்ட பிறகு வெறுமையாகிப்போன கூண்டு, பாதி குடித்த கோக்கோ கோலா போத்தல்கள், எரிந்து முடிந்த கொசுவத்திச் சுருள், முடிதிருத்தும் கடையில் சேகரித்த தலைமுடி போன்றவை வைக்கப்பட்டிருந்தன. ஒரு பொருளைப் பொருளாகப் பார்க்காமல், அதற்குள் நடந்து முடிந்த ஒரு நிகழ்வாகப் பார்க்க வேண்டும் என்பது இரு கலைஞர்களின் வாதம்.

எல்லாரும் அதை ஏற்கவில்லை. திறப்பு விழாவுக்கு வந்திருந்த கவிஞர் சாலே பென் ஜோனேட் அரங்கிலேயே சிறுநீர் கழித்துத் தமது எதிர்வினையைக் காட்டினார். மலேசியக் கலை வரலாற்றைப் பேசுவோர் அந்தக் கண்காட்சியோடு அந்தச் சம்பவத்தையும் இன்றுவரை சேர்த்தே பேசுகின்றனர். பார்வையாளருக்கு இடம் கொடுத்தால், அவர் என்ன செய்வார் என்பதைக் கலைஞர் முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது என்பதற்கு அது தொடக்ககால எடுத்துக்காட்டு.

சிங்கப்பூரில் 1988ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டு கலைஞர் டாங் டா வூ, செம்பவாங் வட்டாரத்தில் லோரோங் கம்பாசில் இருந்த பழைய கம்பத்து வீடுகளில் ‘கலைஞர் கிராமம்’ என்ற குழுவைத் தொடங்கினார். அதே ஆண்டு எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜாப்பார் ஆகிய மூன்று இளையர்கள் கோத்தே நிலையத்தில் ‘திரிமூர்த்தி’ என்ற கண்காட்சியை நடத்தினர். படைத்தல், காத்தல், அழித்தல் என்ற தத்துவத்தை மையமாகக் கொண்டு, மூவரும் தத்தம் பண்பாட்டிலிருந்து நிறுவல்களையும் நிகழ்த்துகலையையும் படைத்தனர். நவீனக் கலை என்றால் மேற்கைப் பார்த்துச் செய்வது என்ற எண்ணம் பரவலாக இருந்த காலத்தில், இந்த வட்டாரத்தின் மரபிலிருந்தும் அதைச் செய்ய முடியும் என்று காட்டியது அக்கண்காட்சி. சிங்கப்பூர்க் கலை வரலாற்றில் ஒரு தமிழரின் பங்கும் அந்தத் தொடக்கத்திலேயே பதிவாகியிருக்கிறது.

உடல் உணர்வது

நிறுவல் கலையில் முதலில் வேலை செய்வது அறிவல்ல, உடல். பொருளின் அளவு, அது எவ்வளவு அருகில் இருக்கிறது, காலடியில் என்ன இருக்கிறது என்பவற்றை உடல் உடனே உணர்ந்துவிடும். பொருள் என்ன என்ற கேள்வி பிறகுதான் வரும்.

இதைச் சிங்கப்பூரர்களுக்கு வேடிக்கையாக உணர்த்தியவர் ஜப்பானியக் கலைஞர் தாட்சு நிஷி. 2011ஆம் ஆண்டு சிங்கப்பூர் பினாலேயின்போது, மரினா பேயில் உள்ள மெர்லயன் சிலையைச் சுற்றிச் சாரம் கட்டி, அதன் தலைப்பகுதி உள்ளே வரும்படி ஒரு ஹோட்டல் அறையை அவர் எழுப்பினார். கட்டில், விரிப்பு, விளக்குகளோடு அமைந்த அந்த அறையில் முன்பதிவு செய்தவர்கள் இரவு தங்கவும் முடிந்தது. சிலையின் உயரம் 8.6 மீட்டர். நீர்முகப்பில் தூரத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சின்னம், படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது எவ்வளவு பெரியது என்பது உறைத்தது. சிலையில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது பார்ப்பவர் நின்ற இடம் மட்டுமே.

மெர்லயன் புன்னகைக்க வைத்தது என்றால், கொச்சியில் வைக்கப்பட்ட ஒரு படைப்பு பலரைப் பேச்சிழக்கச் செய்தது. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலேயில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரிட்டா, ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் ஹவுசில் ஒரு பெரிய கிடங்கைக் கடல்நீரால் நிரப்பினார். உள்ளே செல்ல விரும்பியவர்கள் காலணியைக் கழற்றிவிட்டு, ஆடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நீருக்குள் நடக்க வேண்டும். சுவர்களில் கேள்விகளாக அமைந்த கவிதை வரிகள். எதிர்ச்சுவரை அடைந்தால் அங்கே கவிஞரின் கடிதம்.

அந்தப் படைப்பு காலிப் குர்திக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியாச் சிறுவன் ஆலன் குர்தியின் படம் உலகையே உலுக்கியது. அதே படகு கவிழ்ந்து இறந்த ஐந்து வயது அண்ணன்தான் காலிப். அவனுடைய படம் அப்படி எங்கும் பரவவில்லை. செய்தியாகப் படித்துக் கடந்துபோகும் ஒன்றை, காலில் படும் நீரின் குளிர்ச்சியோடு சேர்த்து நினைக்க வைத்தது அந்த அறை. கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு அந்த நீர் வேறு சிலவற்றையும் நினைவூட்டியிருக்கலாம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வானவில்

ஒரே படைப்பை நூறு பேர் பார்த்தாலும் நூறு பேரும் ஒன்றையே பார்ப்பதில்லை. இதைச் சிங்கப்பூர்க் கலைஞர் சூசன் விக்டரின் படைப்பு ஒன்று அறிவியல்படியே காட்டியது. 2013ஆம் ஆண்டு சிங்கப்பூர் பினாலேக்காக அவர் தேசிய அரும்பொருளகத்தின் உள்ளே, சூரிய ஒளியையும் நீர்த்துளிகளையும் கொண்டு வானவில்லை உருவாக்கினார்.

வானவில் என்பது ஓர் இடத்தில் மாட்டி வைக்கக்கூடிய பொருள் அன்று. சூரியன், நீர்த்துளி, பார்ப்பவரின் கண் ஆகிய மூன்றும் குறிப்பிட்ட கோணத்தில் அமையும்போதுதான் அது தெரியும். பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கு எட்டுவது வேறு துளிகளில் பட்டு வரும் ஒளி. ஆகவே, ஒவ்வொருவரும் பார்ப்பது அவரவர் வானவில்லைத்தான். சூரியனை மேகம் மறைத்தால் யாருக்கும் வானவில் இல்லை. அடுத்தவர் கண்ட காட்சி தமக்குக் கிட்டவில்லையே என்று வருந்துவோருக்கு இது நல்ல பதில்.

லண்டனின் டேட் மாடர்ன் அரும்பொருளகத்தில் 2003ஆம் ஆண்டு ஓலாஃபர் எலியாசன் அமைத்த செயற்கைச் சூரியனும் இந்த வகையில் புகழ்பெற்றது. மஞ்சள் ஒளி, மென்பனி, மேற்கூரை முழுவதும் கண்ணாடி. அண்ணாந்து பார்த்தவர்கள் தங்கள் உருவத்தை மேலே புள்ளிபோலக் கண்டனர். யாரும் சொல்லாமலேயே மக்கள் தரையில் படுத்தனர். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து கைகால்களை நீட்டிப் பல வடிவங்களை உருவாக்கினர். ஏறத்தாழ ஐந்து மாதங்களில் இரண்டு மில்லியனுக்கும் அதிகமானோர் அங்குச் சென்றனர். பார்வையாளர்கள் படைப்பைப் பார்த்ததோடு ஒருவரை ஒருவரும் பார்த்துக்கொண்டனர்.

எடுத்துச் செல்லும் மிட்டாய்

மூலையில் குவிந்திருக்கும் பலவண்ணத் தாள் சுற்றிய மிட்டாய்கள். வருபவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். கியூபாவில் பிறந்த அமெரிக்கக் கலைஞர் ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரெஸ் 1991ஆம் ஆண்டில் உருவாக்கிய படைப்பு இது. குவியலுக்கு உகந்ததாகக் குறிக்கப்பட்ட எடை 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோகிராம்.

எய்ட்ஸ் நோயால் அவ்வாண்டு இறந்த தம் துணைவர் ராஸின் உருவப்படமாக அவர் அதை அமைத்தார். ஒவ்வொருவரும் ஒரு மிட்டாயை எடுக்க எடுக்கக் குவியல் கரைகிறது, நோயில் உடல் கரைவதைப்போல. கண்காட்சியை நடத்துவோர் மீண்டும் மிட்டாயைக் கொட்டிக் குவியலை நிரப்பலாம். இந்தக் கதை தெரியாமல் மிட்டாயை வாயில் போட்டவருக்கு இனிப்பு மட்டுமே மிஞ்சும். தெரிந்தவருக்கு அதே இனிப்பு வேறு மாதிரி இருக்கும். அருகில் உள்ள விளக்கக் குறிப்பைப் படிப்பதா வேண்டாமா என்ற விவாதத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. முதலில் படைப்பு, பிறகு குறிப்பு, பிறகு மீண்டும் படைப்பு என்று பார்ப்பவருக்கு இரண்டு அனுபவமும் கிடைக்கும்.

சிங்கப்பூரின் அமாண்டா ஹெங் 1996ஆம் ஆண்டில் தொடங்கிய ‘பேசலாம் வாங்க’ என்ற பொருள்தரும் படைப்பில் மேசைமேல் இருந்தவை முளைகட்டிய பயறும் தேநீரும்தான். வந்தவர்கள் உட்கார்ந்து பயற்றின் வாலைக் கிள்ளியபடி பேச வேண்டும். ஒருகாலத்தில் அடுக்கு மாடி வீட்டு நடைபாதையில் அண்டை வீட்டார் கூடிச் செய்த வேலை, பேசிய பேச்சு. கீரை ஆய்ந்தபடியும் பூத்தொடுத்தபடியும் கதை பேசியவர்களுக்கு அந்த மேசை அந்நியமாக இருந்திருக்காது.

மலேசியாவின் கிள்ளானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் குமாரி நாகப்பன், மஞ்சாடி விதைகளைத் தம் படைப்புகளில் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறார். பள்ளிப் பருவத்தில் மரத்தடியில் பொறுக்கிச் சேர்த்த சிவப்பு விதைகள் அவை, மலாய்மொழியில் சாகா. தேசிய அரும்பொருளகத்துக்கு வெளியே நிற்கும் பெரிய மிளகாயும் சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் உள்ள மஞ்சாடி விதைச் சிற்பமும் அவர் செய்தவையே. 2013ஆம் ஆண்டு பினாலேயில் அவரது ‘அனாஹத’ என்ற நிறுவலிலும் அந்த விதைகளே பெருங்குவியலாக இடம்பெற்றன. கையில் வைத்து எண்ணிய ஒன்றை மலையாகக் குவித்துக் காட்டும்போது, பழகிய பொருளே புதிதாகத் தெரிகிறது.

தொடலாமா, கூடாதா?

புதிதாகச் செல்வோரைக் குழப்பும் கேள்வி இது. படைப்புக்குப் படைப்பு விதி மாறும். யாயோய் குசாமாவின் வெண்ணிற அறையில் வண்ணப் பொட்டு ஒட்டும்படி பிள்ளைகளை அழைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தின் பிள்ளைகளுக்கான கலைவிழாவிலும் அந்த அறை இடம்பெற்றது. ஒட்ட ஒட்ட அறையின் வெண்மை மறைந்துவிடும். அங்கே தொடாமல் நிற்பதுதான் தவறு.

மாறாக, சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010ஆம் ஆண்டு டேட் மாடர்னில் பரப்பிய 100 மில்லியன் பீங்கான் சூரியகாந்தி விதைகளின்மீது மக்கள் நடக்கலாம் என்றுதான் முதலில் அறிவிக்கப்பட்டது. ஜிங்டெசென் நகரில் ஏறத்தாழ 1,600 கைவினைஞர்கள் கையால் செய்து வண்ணம் தீட்டிய விதைகள் அவை. நடக்க நடக்கப் பீங்கான் தூசு கிளம்பியது. உடல்நலத்துக்குத் தீங்கு என்பதால் சில நாள்களிலேயே உள்ளே செல்லத் தடை வந்தது. அதன்பின் வந்தவர்கள் ஓரமாக நின்று பார்க்க மட்டுமே முடிந்தது. காலடியில் நொறுநொறுத்த விதைகளும் தூரத்தில் சாம்பல்நிறப் பரப்பாகக் கிடந்த விதைகளும் ஒரே படைப்புதானா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

குப்பை என்று கூட்டித் தள்ளப்பட்ட கதைகளும் உண்டு. இத்தாலியின் போல்ஸானோ நகர அரும்பொருளகத்தில் 2015ஆம் ஆண்டு காலிப் போத்தல்களும் காகிதத் துண்டுகளுமாக, விருந்து முடிந்த கூடம்போல ஒரு நிறுவல் வைக்கப்பட்டிருந்தது. துப்புரவுப் பணியாளர்கள் அதை அள்ளிப் பைகளில் கட்டிவிட்டனர். பிறகு அது மீண்டும் அமைக்கப்பட்டது. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் பலர். ஆனால், அந்தப் பணியாளர்கள் கண்டது கலைஞர்கள் காட்ட விரும்பிய காட்சியைத்தான்: விருந்து முடிந்துவிட்டது, யாரோ கூட்டிப் பெருக்க வேண்டும்.

கைப்பேசி வழியே பார்ப்பது

குசாமாவின் கண்ணாடி அறைகளில் பல இடங்களில் ஒரு நிமிடம்கூட அனுமதிப்பதில்லை. அந்தச் சில நொடிகளில் படம் எடுப்பதா, பார்ப்பதா? படம் எடுப்பது தவறில்லை. நண்பர் பகிர்ந்த படத்தைப் பார்த்தே முதன்முறையாக அரும்பொருளகத்துக்குச் சென்ற இளையர்கள் பலர். ஆனால், நிறுவலின் அளவையும் ஒலியையும் வாசனையையும் படம் கொண்டுவராது. கொச்சியின் நீரைப் படத்தில் பார்க்கலாம், கால் நனையாது.

கலைந்த பிறகு

பெரும்பாலான நிறுவல்கள் கண்காட்சியோடு கலைக்கப்படும். மெர்லயன் ஹோட்டல் சில மாதங்களில் பிரிக்கப்பட்டது. சில படைப்புகளை, கலைஞர் விட்டுச்செல்லும் குறிப்புகளை வைத்து மீண்டும் அமைக்கலாம். ‘திரிமூர்த்தி’ பத்தாண்டுகள் கழித்து 1998ஆம் ஆண்டு சிங்கப்பூர் கலை அரும்பொருளகத்தில் மறுபடியும் நினைவுகூரப்பட்டது.

சில படைப்புகள் தழும்பாகத் தங்கிவிடும். கொலம்பியாவின் டோரிஸ் சல்செடோ 2007ஆம் ஆண்டு டேட் மாடர்னின் சிமெண்டுத் தரையில் 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு பிளவை ஏற்படுத்தினார். குடியேறிகளையும் இன ஒதுக்கலையும் பற்றிய படைப்பு அது. கண்காட்சி முடிந்ததும் பிளவு அடைக்கப்பட்டது. ஆனால், பூசிய கோடு தரையில் இன்னமும் தெரிகிறது.

முதன்முறை செல்வோருக்கு

நிறுவல் கலையைப் பார்க்கச் சிறப்புப் படிப்பு தேவையில்லை. நுழைந்தவுடன் பொருள் தேடாமல், சில நிமிடங்கள் உள்ளே நிற்கலாம். உடல் என்ன செய்கிறது என்று கவனிக்கலாம்: குனிகிறதா, விலகுகிறதா, மெல்ல நடக்கிறதா? எதனால் ஆனது, ஏன் இந்த இடத்தில், நான் இல்லாவிட்டால் இது எப்படி இருக்கும் என்ற மூன்று கேள்விகள் போதும். பிறகு விளக்கக் குறிப்பைப் படிக்கலாம். தொடலாமா என்று ஐயம் இருந்தால் அங்குள்ள ஊழியரைக் கேட்பது நல்லது. பிடிக்கவில்லை என்று சொல்லவும் எவருக்கும் உரிமை உண்டு. ஆனால், ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிப் பார்த்தால் அங்கிருந்துதான் பல நேரங்களில் உரையாடல் தொடங்கும்.

சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தேசிய அரும்பொருளகங்களில் 2013ஆம் ஆண்டு மே மாதம் முதல் பொது நுழைவு இலவசம். சிறப்புக் கண்காட்சிகளுக்குக் கட்டணம் இருக்கலாம். ஆகவே, பார்த்துப் புரியாமல் வீடு திரும்பினாலும் நட்டம் ஏதுமில்லை. அடுத்த வாரம் மறுபடியும் போகலாம். பிள்ளைகளோடு தாத்தா பாட்டியையும் அழைத்துச் செல்லலாம். மஞ்சாடி விதையையும் பயறு ஆய்வதையும் பற்றி, சுவரில் எழுதியிருப்பதைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும்.